உரிமை எந்த எல்லை வரை?

நூல் ஒப்பந்தம் எழுத வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்தெந்த நாட்டுக்கு உரிமை கொடுக்கிறீர்கள்?" என்பதுதான். பலர் விழிப்பார்கள். ராயல்டி எத்தனை சதவீதம் என்று பேசி முடித்திருப்பார்கள். எல்லை நினைவிலேயே இருக்காது. அவர்களுக்கு நோவா வெப்ஸ்டர் பட்ட பாட்டைச் சொல்வேன்.

பின்னாளில் அகராதியால் பெயர் பெற்ற அதே வெப்ஸ்டர்தான். 1780களில் அவர் பள்ளி ஆசிரியர். கையில் பிள்ளைகளுக்கான எழுத்துக்கூட்டுப் புத்தகம். நாடு முழுமைக்கும் பதிப்புரிமைச் சட்டம் போட அன்றைய அமெரிக்கக் காங்கிரஸுக்கு, அதாவது அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு, அதிகாரமே இல்லை. 1783 ஜனவரியில் கனெக்டிகட் மாநிலம் முதல் சட்டத்தை இயற்றியது: 14 ஆண்டு உரிமை, ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னொரு 14. மே மாதம் காங்கிரஸ் மற்ற மாநிலங்களுக்கும் அதைப் பரிந்துரைத்தது. 1786க்குள் 13 மாநிலங்களில் 12 சட்டம் போட்டுவிட்டன. டெலவேர் மட்டும் போடவில்லை.

சரி, வேலை முடிந்தது என்றுதானே தோன்றும்? கனெக்டிகட்டில் பெற்ற உரிமை பக்கத்து மாநில அச்சகத்தாரைக் கட்டுப்படுத்தாது. அங்கே தனியாக வாங்க வேண்டும், அங்குள்ள நிபந்தனைப்படி. மாசசூசெட்ஸில் 21 ஆண்டு. ஆனால் ஹார்வர்டு நூலகத்துக்கு 2 பிரதிகள் கொடுக்க வேண்டும். கனெக்டிகட்டிலோ விலை அநியாயம் என்று புகார் வந்தால் நீதிமன்றம் தலையிடலாம். (வாசகனாக எனக்கு இந்தப் பிரிவு பிடிக்கும்.) வெப்ஸ்டர் ஊர் ஊராகப் போய்ச் சட்டமன்றத்தாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய கூத்து மேரிலாந்திலும் பென்சில்வேனியாவிலும். எல்லா மாநிலங்களும் இதேபோல் சட்டம் போட்ட பிறகே எங்கள் சட்டம் அமலாகும் என்று இரண்டும் எழுதி வைத்தன. டெலவேர் கடைசி வரை போடவில்லை. அச்சுத்தொழில் கொழித்த பிலடெல்பியா இருந்த பென்சில்வேனியாவிலேயே சட்டம் ஏட்டோடு நின்றது.

மாநிலங்கள் தனித்தனியே இதைச் சாதிக்க முடியாது என்று, அமெரிக்க அரசியலமைப்பை வடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன் எழுதினார். அந்தப் புதிய அரசியலமைப்பு காங்கிரஸுக்கு அதிகாரம் தந்தது. 1790 மே 31 அன்று நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வந்தது.

கதை முடிந்ததும் ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்ப்போம். எல்லை குறிப்பிடாமல் உரிமையை எழுதிக் கொடுத்தால், நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அதை இந்தியாவுக்கு மட்டும் என்று கொள்ளும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. இரண்டு இடமும் காலியாக உள்ள ஒப்பந்தங்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.