மெரிடியன்: சொல் விளக்கம்

‘ச்சி’ எனும் உயிராற்றல் உடலில் சில பாதைகளில் ஓடுவதாகச் சீன மருத்துவம் கருதுகிறது. அந்தப் பாதையைத்தான் நம் ஊர் அக்குபங்சர் மருத்துவர்கள் ‘மெரிடியன்’ என்கிறார்கள். முதன்மையானவை 12. நுரையீரலுக்கு உரியது காறையெலும்புக்குக் கீழே வெளிப்பட்டு, கையின் உட்புறமாக இறங்கிக் கட்டைவிரலில் முடிகிறது. அதில் ஊசி குத்தும் புள்ளிகள் 11. சிறுநீர்ப்பைக்கு உரியதில் 67. முதுகின் நடுவிலும் உடலின் முன்பக்க நடுவிலும் ஓடும் இரண்டையும் சேர்த்தால், 14 பாதைகளில் 361 புள்ளிகள். அறுவையில் எடுத்துக் காட்டக்கூடிய தனிக் குழாய்களாக இவற்றை உடற்கூறியல் கண்டதில்லை. ஒரு மருத்துவ மரபின் கருத்து என்றே இதைக் கொள்ள வேண்டும்.

மெரிடியன் என்பது சீனச் சொல் அல்ல. இலத்தீனில் நண்பகலைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஒரே தீர்க்கரேகையில் உள்ள இடங்களுக்கெல்லாம் சூரியன் ஒரே வேளையில் உச்சிக்கு வருவதால், அந்த ரேகைக்கு அதுவே பெயராயிற்று. சீனாவில் பிரெஞ்சுத் தூதரகப் பணியில் இருந்த ஜார்ஜ் சூலியே த மொரான், 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அக்குபங்சரைப் பிரான்சில் பரப்பியபோது இந்தச் சொல்லை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். அதற்கு ஒரு முகாந்திரமும் உண்டு: சீனத்தில் இந்தப் பாதையின் பெயரில் உள்ள ‘ஜிங்’ என்ற எழுத்துதான் தீர்க்கரேகையின் பெயரிலும் இருக்கிறது. ஆனாலும் தீர்க்கரேகை என்பது கற்பனைக் கோடு. அதில் எதுவும் ஓடுவதில்லை, அது கிளை விடுவதும் இல்லை. சீனர்கள் சொன்னது வேறு.

மூலச் சொல் ‘ஜிங்லுவோ’. இரண்டு எழுத்துகளிலும் இடப்பக்கம் இருப்பது பட்டு நூலின் குறி. ‘ஜிங்’ என்றால் தறியில் நெடுக்காக இழுத்துக் கட்டிய பாவு; ‘லுவோ’ என்றால் வலை, பின்னல். இவற்றோடு ‘மாய்’ சேர்ந்து ‘ஜிங்மாய்’, ‘லுவோமாய்’ என்று வழங்கும். ‘மாய்’ என்பது இரத்தக் குழாயையும் குறிக்கும், மணிக்கட்டில் பார்க்கும் நாடித்துடிப்பையும் குறிக்கும். சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையை 1973இல் தோண்டியபோது கிடைத்த பட்டுச் சுவடிகளில் 11 மாய்கள் விவரிக்கப்பட்டுள்ளன. புள்ளிகளின் பெயர்கள் அவற்றில் இல்லை. பாதைகளைப் பற்றிய எண்ணம் முதலில் தோன்றி, புள்ளிகள் பிறகு வந்திருக்கலாம் என்று கருத இது இடம் தருகிறது.

‘ஹுவாங்டி நெய்ஜிங்’ என்ற பழைய மருத்துவத் தொகுப்பின் ‘லிங்ஷு’ பகுதியில்தான் இதன் முழு அழகும் தெரிகிறது. உள்ளே ஓடுவது ஜிங். அதிலிருந்து குறுக்கே கிளைப்பது லுவோ. லுவோவிலிருந்து பிரிவது ‘சுன்’, அதாவது பேரப்பிள்ளை! இன்னோர் இடத்தில் 12 ஜிங்மாய்களும் சீனத்தின் 12 ஆறுகளோடு ஒப்பிடப்படுகின்றன. விரல் நுனியில் உள்ள புள்ளிக்குக் கிணறு என்று பெயர்; அங்கிருந்து மேலே போகப் போக ஊற்று, ஓடை, ஆறு என்று பெருகி, முழங்கை அல்லது முழங்கால் அருகே கூடல். உள்ளங்காலில் இருக்கும் சிறுநீரகப் புள்ளியின் பெயர் ‘யோங்சுவான்’, பொங்கும் ஊற்று. இவ்வளவு நீர் ஓடும் உடலை வெறும் கோடுகளாகச் சுருக்கிவிட்டதுதான் மெரிடியன் என்ற சொல்மீது எனக்குள்ள மனக்குறை.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? ‘சக்தி ஓட்டப் பாதை’ பேச்சில் நன்றாகப் புரிகிறது. கலைச்சொல்லாக வைத்தால் நீளம். கிளைகளுக்குப் பெயரிடவும் அதில் வழியில்லை. ‘ச்சி’யைச் சக்தி என்பதும் முழுப் பொருத்தமில்லை. ஆவி, மூச்சு, காற்று எல்லாம் சேர்ந்தது அது. அந்த எழுத்தின் மரபு வடிவத்துக்குள்ளேயே அரிசிக்கான எழுத்து இருக்கிறது. அதை ‘ச்சி’ என்றே விட்டுவிடலாம்.

‘நாடி’ என்ற சொல் ‘மாய்’க்கு வியப்பூட்டும் அளவு நெருக்கமானது. நமக்கும் நாடி என்றால் துடிப்பு, பாதை இரண்டும்தான். ஆனால் சித்தர் மரபில் 72,000 நாடிகள், அவற்றுள் இடகலை, பிங்கலை, சுழுமுனை என்று ஒரு தனி அமைப்பே நிற்கிறது. சீனப் பாதையையும் நாடி என்று எழுதினால், இரண்டும் ஒன்றே என்று வாசகர் எடுத்துக்கொள்வார். இரண்டு மரபுகளுக்கும் அது நியாயம் ஆகாது.

எனவே என் பரிந்துரை ‘பாவுநாளம்’. இரத்த நாளம் என்று பள்ளிப் பாடத்திலேயே பழகிய சொல் நாளம்; உள்ளே ஏதோ ஓடுகிறது என்பதை அது சொல்லிவிடும். பாவு, நெசவாளர் வீடுகளில் இன்றும் வழங்கும் சொல். பாவுதல் என்றால் பரவுதல் என்ற பொருளும் உண்டு. லுவோமாய்க்குப் ‘பின்னல் நாளம்’, சுன்னுக்குப் ‘பேர நாளம்’ என்று கிளைகளும் அதே வழியில் அமைந்துவிடும். கட்டுரையில் முதல்முறை வரும்போது மட்டும் மெரிடியனையும் பக்கத்தில் குறித்துவிட்டு, பிறகு ‘நுரையீரல் பாவுநாளம்’, ‘சிறுநீரகப் பாவுநாளம்’ என்று தொடர்ந்து எழுதலாம்.