கொடுக்கு இல்லாத தேள்

காங்கேயம் பக்கம் ஒரு கொறங்காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தாவிடம் கேட்டுவிட்டு ஒரு படம் எடுத்தேன். பின்னால் வெள்வேல மரம், கிளுவை வேலி. உச்சி வெயில். மற்ற படக்காரர்கள் கேமராவை மூட்டை கட்டும் நேரம் அது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் படம் எடுக்கும் எனக்கோ அதுதான் நல்ல நேரம். படத்தைத் திரையில் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, என்னைய இப்படி வெள்ளக்காரியாட்டப் பண்ணிப்போட்ட?" என்றார்.

நம் கண்ணுக்குத் தெரிவது சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளி. கேமராவுக்குள் இருக்கும் சிலிக்கான் சென்சாருக்கு 700-க்கு மேலே உள்ள அகச்சிவப்பும், 1000 தாண்டியும், தெரியும். அதை அப்படியே விட்டால் நிறமெல்லாம் கெட்டுப்போகும் என்று, அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றை சென்சார் முன்னால் பொருத்தித்தான் விற்கிறார்கள். என் பழைய கேமராவில் அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 720 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதைத் தடுக்கும் ஃபில்டரைப் போட்டிருக்கிறேன். வீட்டிலேயே சோதிக்கலாம்: டிவி ரிமோட்டின் முனையை போனின் முன்பக்கக் கேமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். பல போன்களில் வெளிச்சம் மினுக்கும்.

"உடம்புச் சூடு தெரியுதுங்களா?" என்று எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். தெரியாது. உடம்பு வீசும் வெப்பக் கதிர்கள் 9,000, 10,000 நானோமீட்டர் பக்கம் உச்சம் கொள்பவை. அதற்குத் தனிக் கேமரா வேண்டும். நான் பிடிப்பது வெயிலில் ஏற்கெனவே இருக்கும் அகச்சிவப்பு, பொருள்களில் பட்டுத் திரும்பி வருவதை.

திரும்புவதில்தான் வேடிக்கை. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் விழுங்கும், அகச்சிவப்பைத் தொடாது. இலைக்குள் செல்களுக்கு நடுவே உள்ள காற்றிடைவெளிகளில் அது சிதறி, பாதியளவு வெளியே வந்துவிடும். பொள்ளாச்சித் தென்னந்தோப்பை எடுத்தால் பனி கொட்டிய மாதிரி இருக்கும். இதற்கு 'உட் விளைவு' என்று பெயர். ஆங்கிலத்தில் உட் என்றால் மரம்தான், ஆனால் இது மரத்தால் வந்த பெயரில்லை. 1910-இல் இத்தகைய படங்களை வெளியிட்ட ராபர்ட் உட் என்ற இயற்பியலாளரின் பெயர்.

தோலின் கதை வேறு. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் நீலத்தை நன்றாக உறிஞ்சும். அலைநீளம் கூடக்கூட அதன் பிடி தளரும். அகச்சிவப்பு தோலைத் தாண்டி சில மில்லிமீட்டர் உள்ளே போய், சதைக்குள் அலைந்து திரும்புகிறது. அதனால் மரு, மங்கு எல்லாம் மங்கி முகம் பால் வார்த்தது போலாகிவிடும். ஆக்சிஜன் குறைந்த ரத்தம் 760 பக்கம் ஒளியை உறிஞ்சுவதால் கை நரம்புகள் மட்டும் கறுத்துத் தெரியும். ஆதாருக்குக் கருவிழி எடுக்கும் கருவியும் அகச்சிவப்பைத்தான் பயன்படுத்துகிறது. நம் கறுத்த கண்ணிலும் உள்ளே இருக்கும் இழையமைப்பு அதில் துலங்கும்.

மாநிறம், செவப்பு என்று கல்யாணத் தரகர் பிரிக்கும் பிரிவினை 720-க்கு அப்பால் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. இதைச் சமத்துவம் என்று கொண்டாட எனக்கு மனசு வரவில்லை. ஆத்தாவின் நிறம் ஆத்தாவுடையது, காணாமல் அடித்தது என் ஃபில்டர். அதனால் சாதாரணப் படம் ஒன்றும் சேர்த்தே எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

ஆத்தாவின் பேரனையும் எடுத்தேன், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவன். கருநீல டீசர்ட், நெஞ்சில் கறுப்புப் பிரிண்ட். படத்தில் டீசர்ட் வெளுத்துவிட்டது, பிரிண்ட் அப்படியே கறுப்பு. துணிச் சாயங்கள் பலவும் அகச்சிவப்பை விட்டுவிடும். கார்பன் கலந்த மை விடாது. சில மெல்லிய துணிகள் இந்த ஒளியில் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்கவும் கூடும். 1998-இல் ஒரு வீடியோ கேமராவின் இரவுப் பார்வை வசதி இதனால் சர்ச்சையாகி, பகலில் அது சரியாக வேலை செய்யாதபடி மாற்றினார்கள். கேட்காமல் ஆளை எடுக்கவே கூடாது, எடுத்ததை அங்கேயே காட்டிவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது அதற்காகத்தான்.

காட்டியதில்தான் கையைக் கவனித்தோம். ஆத்தாவின் முன்கையில் பச்சை குத்தியிருந்தது. நேரில் பார்த்தால் தோலோடு கலந்த பாசித்திட்டு மாதிரிதான். குத்தினது கரி. தோலுக்கடியில் இருக்கும் கரிக்கு மேலே தோல் நீல ஒளியைச் சிதறடிப்பதால்தான் அது பச்சை மாதிரி தெரிகிறது. அகச்சிவப்பில் தோல் வெளுத்துப்போக, கரி கரியாகவே நிற்கும். ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தெரிந்தது: ஒரு தேள், எட்டுக் கால், பாதி வால்.

"கொடுக்கக் காணோமுங்களே ஆத்தா?" என்றேன்.

"எங்க சாமி குத்தவுட்டேன்? வாலுக்கு வந்தப்ப வலி தாங்காம கைய உருவிக்கிட்டு ஓடிப்போட்டேன்."