யானை அடித்த வயலுக்கு ஒரு இடம், யானை உடைத்த வீட்டுக்கு வேறு இடம்: நட்டஈடு யாரிடம் கேட்பது?

மட்டக்களப்பின் படுவான்கரையில் நெல் வேளாண்மை, கதிர் வெளிவருமுன் உள்ள குடலைப் பருவத்துக்கு வந்துவிட்டால் இரவுத் தூக்கம் போய்விடும். வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவு, கிரான் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவில், பொத்துவில் எல்லைக் கிராமங்களிலும் இதே நிலைதான். யானை வந்துபோன மறுநாள் காலை பலரும் நேரே போவது வனஜீவராசிகள் திணைக்களக் காரியாலயத்துக்கு. அங்கே "பயிருக்கு நாங்கள் காசு கொடுப்பதில்லை" என்கிறார்கள். கேட்டவருக்குக் கோபம் வருகிறது. ஆனால் சொன்ன பதில் சரிதான். இடம்தான் பிழை.

யானையால் வரும் இழப்புக்கான உதவி இரண்டு இடங்களில் பிரிந்து கிடக்கிறது. உயிரிழப்பு, உடற்காயம், வீடு முதலான சொத்துச் சேதம் ஆகியவை வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. வயலில் நிற்கும் பயிர் கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபையின் பொறுப்பு. இரண்டுக்கும் படிவம் வேறு, பார்வையிட வரும் உத்தியோகத்தர் வேறு. ஒரே இரவில் ஒரே யானை வயலை மிதித்து வீட்டுச் சுவரையும் உடைத்திருந்தால் இரண்டு இடத்திலும் முறையிட வேண்டும். ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடக்காது.

முதலில் வயல். அரசின் இலவசப் பயிர்க் காப்புறுதி ஆறு பயிர்களுக்குத்தான்: நெல், சோளம், சோயா, பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய். வரட்சி, வெள்ளம், காட்டு யானை என்ற மூன்று காரணங்களால் அழிந்தால் நட்டஈடு உண்டு. பன்றி, மயில், குரங்கு செய்யும் அழிவு இதில் இல்லை. வீட்டு வளவில் நிற்கும் வாழையும் தென்னையும் இல்லை. இது பெரிய குறை என்றே நினைக்கிறேன். வாழைத் தோட்டத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு ஒரே இரவில் எல்லாம் போய்விடுகிறது. ஆறு பயிருக்கு வெளியே உள்ளதைக் காப்புறுதி செய்ய விரும்பினால், தவணைக் கட்டணம் கட்டிச் சேரும் திட்டங்கள் சபையிடம் இருக்கின்றன. போகம் தொடங்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நெல்லுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபா வரை என்றுதான் இந்தத் திட்டம் பல வருடங்களாக அறியப்பட்டு வந்தது. இது உச்ச அளவு. அரை ஏக்கர் போனால் அதற்குரியதுதான் வரும். தொகையும் நிபந்தனையும் அவ்வப்போது மாறுவதால், அந்தப் போகத்துக்கு எவ்வளவு என்பதைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இலவசம் என்பதால் எல்லோருக்கும் தானாகக் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். கமநல சேவை நிலையத்தின் பதிவில் உங்கள் பெயரும் வயலின் அளவும் இருக்க வேண்டும். ஏக்கர் வரி கட்டிய பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்தது விதைப்புத் திகதி. போக ஆரம்பக் கூட்டத்தில் கடைசி விதைப்புத் திகதி தீர்மானிக்கப்படும். அதற்குப் பிறகு விதைத்த வயலுக்கு நட்டஈடு கேட்டால் தட்டிவிடுவார்கள். ஆரம்பக் கூட்டத்துக்குப் போகாமல், வயல்களுக்கு நீர் பங்கிடும் பொறுப்பாளரான வட்டவிதானையிடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

குத்தகைக்குச் செய்பவர்களின் நிலைதான் இதில் மோசம். காணிக்காரர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பார், பதிவு அவர் பெயரில் இருக்கும், விதைநெல்லும் கூலியும் கடன்பட்டுப் போட்டது இன்னொருவர். யானை அழித்தால் நட்டம் குத்தகைக்காரருக்கு, பணம் கேட்கும் பதிவு காணிக்காரருக்கு. வாய்ப்பேச்சுக் குத்தகையை நம்பி வயலில் இறங்காதீர்கள். விதைப்புக்கு முன்னரே காணிக்காரரிடம் எழுத்தில் வாங்கி, அந்தப் போகத்தில் பயிர் செய்பவர் நீங்கள்தான் என்று கமநல சேவை நிலையத்தில் பதிந்துவிடுங்கள். விவசாய அமைப்பின் கடிதமும் இருந்தால் நல்லது.

யானை வந்த காலையில் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: எதையும் துப்புரவாக்க முன் படம் எடுங்கள். வரம்பில் பதிந்த கால்தடம், வேரோடு பிடுங்கி மண்ணை உதறிப் போட்ட நெற்கற்றைகள், உமி கலந்த லத்தி. இவை யானைதான் வந்தது என்பதற்குச் சாட்சி. மாடு மேய்ந்த வயலில் நுனிதான் போயிருக்கும். யானை இறங்கினால் தின்றதைவிட மிதித்ததும் படுத்ததும் அதிகம், அது அகலமான பாதையாகவே தெரியும். அந்தப் பாதை படத்தில் வரட்டும், வரம்போ வாய்க்காலோ பக்கத்தில் தெரியட்டும். அப்புறம் அன்றைக்கே கமநல சேவை நிலையத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். காப்புறுதிச் சபையை 1918 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். உத்தியோகத்தர் வந்து பார்க்குமுன் மிச்சத்தை அறுத்துவிட்டால் எதை வைத்து மதிப்பிடுவார்?

சரி, வீடும் உயிரும். காட்டு யானை தாக்கி ஒருவர் இறந்தால் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபா நட்டஈடு. முன்னர் இது ஐந்து இலட்சமாக இருந்தது. முழுமையான அங்கவீனத்துக்கும் காயத்துக்கும் உதவி உண்டு. சம்பவம் நடந்ததும் பொலிஸுக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் வனஜீவராசிகள் காரியாலயத்துக்கும் அறிவிக்க வேண்டும். திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. மரண விசாரணை அறிக்கை, மரணச் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், உரித்தாளர் யார் என்பதற்கான ஆவணம் இவ்வளவும் கோப்பில் சேர வேண்டும். துக்க வீட்டில் இதையெல்லாம் யார் பார்ப்பது? அயலவர் ஒருவர் பொறுப்பெடுத்து அலைந்து கொடுத்தால் அது பெரிய உதவி. காயம்பட்டவரென்றால், வைத்தியசாலையில் "யானை தாக்கியது" என்று முதல் நாளே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். "விழுந்துவிட்டார்" என்று எழுதியிருந்தால் பிறகு திருத்துவது பெரும் பாடு.

ஒதுக்குக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் போய் நேர்ந்த மரணத்துக்குப் பணம் மறுக்கப்படலாம். விறகுக்கும் தேனுக்கும் போகும் ஏழைகள்தான் இதில் அகப்படுகிறார்கள்.

வீட்டுச் சேதத்தில் யானை குறிவைப்பது பெரும்பாலும் நெல்மூட்டை இருக்கும் அறையை. உப்பு வாசனைக்கும் குசினிச் சுவரை உடைக்கும். அறுவடை முடிந்த கையோடு மூட்டைகளைப் படுக்கும் அறையில் அடுக்குவது உயிருக்கே ஆபத்து. வேறு கட்டடத்திலோ ஆலையிலோ வைக்க முடிந்தால் வையுங்கள். உடைந்த சுவரை, திணைக்கள உத்தியோகத்தர் வந்து பார்த்து மதிப்பிட்ட பிறகே திருத்துங்கள். மழைக்குத் தறப்பாள் கட்டிக்கொள்ளலாம், அது தடையில்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விடுவதும், ஹக்கபட்டாஸ் (தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடி) வைப்பதும், கட்டுத்துவக்கு (தட்டுப்பட்டால் தானாக வெடிக்கும் பொறித் துப்பாக்கி) கட்டுவதும் குற்றம். பக்கத்து வயற்காரர், அதிகாலையில் மாடு தேடிப் போகும் பையன் என்று யாரும் அந்தக் கம்பியில் படலாம். நாட்டில் 2024ஆம் ஆண்டில் மட்டும் 388 யானைகளும் 155 மனிதர்களும் இந்த மோதலில் இறந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் இலங்கை முழுவதற்கும் யானைகள் 5,879தான். இந்த வேகத்தை எந்தப் பக்கமும் தாங்காது. திணைக்களத்தின் மின்வேலி வேறு விடயம். அதில் மின்சாரம் விட்டு விட்டுக் கணநேரத் துடிப்பாக ஓடுகிறது. அடி பலமாக விழும், கொல்லாது.

காட்டோரமாக மட்டும் நீளமாக வேலி போடுவதைவிட, ஊரைச் சுற்றியும் வயல் வட்டையை (பல வயல்கள் சேர்ந்த வெளியை) சுற்றியும் போடுவதே பயன் தரும் என்று 2020இல் தயாரிக்கப்பட்ட தேசிய செயல்திட்டம் சொல்கிறது. வயல் வேலி விதைப்போடு ஏறி, அறுவடையோடு கழற்றப்படும். பிறகு வயலில் மிஞ்சிய நெல் தாளை யானை வந்து தின்றுவிட்டுப் போகலாம். இதற்கு ஒவ்வொரு வயற்காரரும் பங்கு போட்டு, வேலியை நாளாந்தம் பார்த்துத் துப்புரவு செய்ய வேண்டும். ஒருவர் பங்கில் கொடி படர்ந்து மின்சாரம் இறங்கினால் முழு வட்டைக்கும் பாதுகாப்புப் போய்விடும். உங்கள் வட்டைக்கு இது வேண்டுமென்றால் விவசாய அமைப்பின் மூலம் ஆரம்பக் கூட்டத்திலேயே கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.

விண்ணப்பம் கொடுத்து மாதக் கணக்கில் பதில் இல்லையென்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம். "எனது இன்ன திகதி விண்ணப்பம் இப்போது யாரிடம் உள்ளது, மதிப்பீட்டு அறிக்கை அனுப்பப்பட்டதா, இல்லையெனில் ஏன்" என்று மூன்று கேள்வி போதும். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். கடிதத்தைக் கையில் கொடுக்கும்போது, பெற்றுக்கொண்டதற்குத் திகதியிட்ட ஒப்பத்தை உங்கள் பிரதியில் வாங்கிக்கொள்ளுங்கள்.