பழைய ஜீப்புக்கு ஸ்டியரிங் சாமான்: எந்த வண்டியுடையது பொருந்தும்?

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும், சத்தியமங்கலத்துக்கு மேலே கடம்பூர் மலையிலும் ஓடும் பழைய ஜீப்புகள் பலவற்றில் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் பெயர் ஒன்று, அடியில் இருக்கும் சாமான் வேறு. முன் ஆக்சில் ஒரு வண்டியுடையது. ஸ்டியரிங் பாக்ஸ் இன்னொன்றுடையது. பட்டை ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்து வண்டியைத் தூக்கியிருப்பார்கள். இப்படிப்பட்ட வண்டிக்கு டை ராட் எண்ட் (சக்கரங்களைத் திருப்பும் தண்டின் முனையில் வரும் மூட்டு) வாங்க, கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் கடைக்குப் போனால், "எந்த மாடலுங்க?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்குச் சரியான பதில் யாரிடமும் இருக்காது. மாடல் பெயரை விட்டுவிட்டு, கையில் இருக்கும் சாமானை அளந்து தேடுவதுதான் வழி.

வண்டி திரும்பும் விதத்தை முதலில் பார்த்துவிடலாம். ஓட்டுநர் சுற்றும் வட்டச் சுழற்சியை ஸ்டியரிங் பாக்ஸ் வாங்கி, அதன் வெளித்தண்டில் மாட்டியிருக்கும் பிட்மேன் ஆர்மை முன்னும் பின்னுமாகவோ, பக்கவாட்டிலோ அசைக்கிறது. அந்த அசைவை டிராக் லிங்க் என்ற தண்டு, சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிளுக்குக் கொண்டு போகிறது. ஒரு சக்கரம் திரும்பினால் மற்றதும் கூடவே திரும்ப, இரண்டையும் டை ராட் கட்டி வைத்திருக்கிறது. மகிந்திரா 1947இல் இங்கே பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்புகளின் வழிவந்த பழைய வண்டிகளில் நடுவில் பெல் கிராங்க் என்று ஒரு துண்டும் உண்டு. டிராக் லிங்க் அதை அசைக்கும். அதிலிருந்து இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி டை ராட் போகும். பெல் கிராங்கின் பேரிங் தேய்ந்தால் ஸ்டியரிங்கில் ப்ளே, அதாவது வெற்று ஆட்டம், வந்துவிடும். அதனால்தான் அதைக் கழற்றிவிட்டு ஒரே நீள டை ராடுக்கு மாற்றிய வண்டிகள் இத்தனை.

இந்தத் தண்டுகள் சேரும் இடமெல்லாம் பால் ஜாயிண்ட், அதாவது குண்டு மூட்டு. ஒவ்வொரு பால் ஜாயிண்டின் அடியிலும் கூம்பு வடிவில் ஒரு ஸ்டட் இருக்கும். நக்கிளிலோ பிட்மேன் ஆர்மிலோ இருக்கும் கூம்புத் துளைக்குள் அது போய் உட்கார வேண்டும். பொருத்தம் பார்ப்பதில் அதிகம் தவறு நடப்பது இந்தக் கூம்பில்தான்.

மம்பட்டிக் காம்பு எப்படி இறுகுகிறதோ அப்படித்தான், டேப்பர் என்று சொல்லும் இந்தக் கூம்புச் சரிவும் இறுகுகிறது. நட்டை முறுக்கும்போது ஸ்டட் கீழே இழுபடுகிறது. சரிவு மிகக் குறைவு என்பதால், நட்டு இழுக்கும் விசையைப் போலப் பல மடங்கு விசையோடு கூம்பு துளையின் சுவரை நெருக்குகிறது. வண்டி ஓடும்போது வரும் அடியைத் தாங்குவது அந்த முழுப் பரப்பின் பிடிமானம்தான். நட்டின் வேலை கூம்பை இழுத்துப் பிடித்திருப்பது மட்டும்.

1-க்கு-8 டேப்பர் என்றால் 8 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. குறையும், கூம்பின் முழுக் கோணம் சுமார் 7.15 டிகிரி. அடிக்கு ஒன்றரை அங்குலம் என்று அமெரிக்க அளவில் சொல்வதும் இதே சரிவுதான். 1-க்கு-10 என்றால் சுமார் 5.7 டிகிரி. இரண்டும் வழக்கத்தில் உண்டு, கண்ணால் பார்த்துப் பிரிக்கவே முடியாது. 1-க்கு-10 ஸ்டட்டை 1-க்கு-8 துளையில் போட்டாலும் உள்ளே போகும், நட்டும் ஏறும், கையால் ஆட்டிப் பார்த்தால் ஆடாது. ஆனால் உள்ளே அது ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும்தான் தொட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டட் துளி வளைந்து நிமிரும். இரும்பு அப்படி ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்தால், ஒருநாள் கழுத்தில் விரிசல் விட்டு முறியும். முன்னறிவிப்பே இருக்காது. 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள திம்பம் மலைப்பாதை இறக்கத்தில் டை ராட் எண்ட் முறிந்தால் என்னவாகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

சரிவு ஒன்றாக இருந்தும் விட்டம் வேறானால் அதற்கு வேறு கதை. 1-க்கு-8 டேப்பரில் விட்டம் 1 மி.மீ. குறைவான ஸ்டட், 8 மி.மீ. கூடுதலாக உள்ளே இறங்கிவிடும். நட்டு இறுகும் முன்பே மரை தீர்ந்துபோகும், அல்லது நட்டு கழலாமல் இருக்கச் செருகும் ஸ்பிளிட் பின்னின் துளை, அதற்காகப் பள்ளம் வெட்டிய கேஸில் நட்டைத் தாண்டி வெளியே நிற்கும். வாஷர் வைத்து இடைவெளியை நிரப்புவது தீர்வே இல்லை.

சோதிப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். லேத் பட்டறையில் இருக்கும் மார்க்கிங் புளூ என்ற நீல மையை ஸ்டட்டின் கூம்பில் மெல்லிசாக, ஒரே சீராகத் தடவ வேண்டும். நன்றாகத் துடைத்த துளையில் அதைச் செருகி, கையால் அழுத்தி, லேசாகத் திருப்பி நேராக வெளியே எடுக்க வேண்டும். துளையின் சுவர் முழுக்க மேலிருந்து கீழ்வரை மை ஒட்டியிருந்தால் டேப்பர் சேர்கிறது. மேல் விளிம்பில் மட்டும், அல்லது கீழே மட்டும் ஒரு மோதிரம் போல மை பட்டிருந்தால், அந்த எண்ட் அந்த நக்கிளுக்கு ஆகாது. கடைக்குப் போகும்போது கழற்றிய நக்கிள் ஆர்மையும் ஒரு சின்ன மை டப்பாவையும் கையோடு கொண்டுபோவது நல்லது. மாடல் பெயரைச் சொல்லி வாங்குவதைவிட இது நூறு பங்கு நம்பகமானது.

மரையிலும் இதே ஏமாற்றம் உண்டு. அங்குலத்துக்கு 18 புரி என்றால் ஒரு புரி 1.41 மி.மீ. மெட்ரிக் நுண்மரையில் 1.5 மி.மீ. ஒன்றின் நட்டை மற்றதில் போட்டால் இரண்டு மூன்று சுற்று சுகமாக ஏறி அப்புறம் பிடிக்கும். பிடித்ததை "டைட்டா இருக்கு" என்று நினைத்து ஸ்பானர் போட்டு முறுக்கினால் மரை நசுங்கிவிடும். டை ராடின் ஒரு முனையில் வலமரை, மறுமுனையில் இடமரை இருப்பதும் காரணத்தோடுதான். அப்போதுதான் எதையும் கழற்றாமல் நடுக்குழாயைத் திருப்பியே டோ-இன் (முன் சக்கரங்களின் முன்பக்கம் சற்று உள்நோக்கி இருக்கும் அளவு) சரிசெய்ய முடியும்.

ஸ்டியரிங் பாக்ஸ் மாற்றுவது இன்னும் கவனமாகச் செய்ய வேண்டியது. பழைய வில்லிஸ் வகையில் இருந்தது கேம்-லிவர் பாக்ஸ். திருகுப் பள்ளத்தில் இரண்டு முளைகள் உரசிக்கொண்டே நகரும். பின்னால் வந்த பால்-நட் வகையில் நடுவில் எஃகு குண்டுகள் உருளுவதால் உரசல் குறைவு, கைக்கும் லேசு. மாற்றுவது நல்ல யோசனைதான். ஆனால் இடது கை ஓட்டு வண்டியின் பாக்ஸைக் கொண்டுவந்து, வலப்பக்கச் சேஸிஸில் கவிழ்த்துப் பொருத்தினால், வலப்பக்கம் சுற்றும்போது வண்டி இடப்பக்கம் திரும்பும். உள்ளிருக்கும் திருகின் சுற்று திசை மாறாமல் இருக்க, வெளித்தண்டு மட்டும் எதிர்ப்பக்கம் பார்ப்பதால் வருவது இது. வாங்கும் முன்பே, வண்டியில் எந்த வாக்கில் நிற்குமோ அதே வாக்கில் பிடித்து, தண்டைச் சுற்றிப் பார்த்து, ஆர்ம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட வேண்டும். அதோடு பிட்மேன் ஆர்மின் ஸ்பிளைன் பற்களையும் (தண்டைக் கவ்வும் உட்பற்கள்) எண்ணிக்கொள்ள வேண்டும். விட்டம் ஒன்றாக இருந்தும் பல் எண்ணிக்கை வேறாக இருப்பது சாதாரணம்.

இவ்வளவும் சரியாகச் சேர்ந்த பிறகும் வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் தானாக ஒரு பக்கம் இழுக்கலாம். காரணம் டிராக் லிங்கின் சாய்வு. 600 மி.மீ. நீள டிராக் லிங்க் குறுக்கே மட்டமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆக்சில் 50 மி.மீ. மேலே ஏறினால் அதன் குறுக்கு எட்டல், அதாவது பக்கவாட்டில் அது எட்டும் தூரம், சுமார் 2 மி.மீ. மட்டுமே மாறும். வண்டியைத் தூக்கியதால் அதே லிங்க் 100 மி.மீ. சரிந்து நிற்கிறது என்றால், அதே 50 மி.மீ. ஏற்றத்துக்கு எட்டல் 6.3 மி.மீ. மாறுகிறது. நக்கிள் ஆர்ம் 150 மி.மீ. நீளமானால் சக்கரம் தானாகவே 2.4 டிகிரி திரும்பிவிடும். ஓட்டுநர் ஸ்டியரிங்கை நேராகத்தான் பிடித்திருப்பார்.

இதற்குக் கீழே இறங்கிய பிட்மேன் ஆர்ம் போடுவது சுலபமான வழி. ஆனால் பாக்ஸின் வெளித்தண்டை அது கூடுதல் நெம்புகோலோடு முறுக்கும். நக்கிள் பக்கத்தை உயர்த்துவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஸ்டட்டை மேலிருந்து இறக்க வேண்டும், அதற்குத் துளையை ரீமரால் (துளையைச் சீவிப் பெரிதாக்கும் கருவி) விரித்து, உள்ளே கூம்புத் துளை உள்ள டேப்பர் புஷ் அடிக்க வேண்டும். அந்த வேலைக்குத் தகுந்த லேத் பட்டறைகள் கோயம்புத்தூரில் நிறைய இருக்கின்றன. அதே பட்டறையில் பிட்மேன் ஆர்மைச் சூடாக்கி வளைத்துத் தரச் சொல்வதும், இரண்டு டிராக் லிங்க்கை வெட்டி வெல்டிங் வைத்து ஒன்றாக்கச் சொல்வதும் கூடவே கூடாது. ஃபோர்ஜிங் செய்து பதம் பார்த்த எஃகைச் சூடாக்கினால் பதம் போய்விடும். வெல்டிங் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் ஓரத்தில் பலவீனம் ஒளிந்திருக்கும்.

பவர் ஸ்டியரிங் போட்டால் கைக்குச் சுகம். பெரிய டயர் போட்ட வண்டிக்கு அது தேவையும்கூட. ஆனால் பாக்ஸ் பொருத்தும் இடத்துச் சேஸிஸ் கைபலத்தை மட்டும் தாங்கச் செய்தது. உள்ளே தட்டு வைத்து வலுப்படுத்தாவிட்டால் போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல் வரும். தவிர, மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது. பெரிய மாற்றம் என்றால் வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

எல்லாம் பூட்டிய பிறகு முன் ஆக்சிலை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகச் சுற்ற வேண்டும். நக்கிளில் இருக்கும் ஸ்டாப் போல்ட் முதலில் முட்ட வேண்டும். அதற்கு முன்பே பாக்ஸ் தன் எல்லைக்குப் போய்விடக் கூடாது. போனால் பாறையில் சக்கரம் அடிபடும்போதெல்லாம் அந்த அடி முழுவதையும் பாக்ஸின் உட்பற்கள் வாங்கும். டயரும் பிரேக் ஹோஸும் எதிலும் உரசாமல் இருப்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். அப்புறம் டோ-இன் வைத்து, நட்டுகளுக்கு ஸ்பிளிட் பின் போட்டு, ஓரிரு வாரம் ஓட்டியபின் ஒவ்வொரு நட்டையும் மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டும். புது டேப்பர் துளையில் முழுதாகப் பதிந்தபின் நட்டு சற்றுத் தளர்ந்திருக்க வாய்ப்பு உண்டு.