சொல் விளக்கம்: அப்ரண்டிஸ் – பயிலுநர்

ஹட்டனில் ஒரு கடை வாசலில் விண்ணப்பப் படிவத்தை விரித்துப் பிடித்தபடி ஓர் அம்மா கேட்டார்: "பயிலுநர்னு போட்டிருக்கே தம்பி, பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கா இது?" மகன் சாதாரண தரம் எழுதிவிட்டு ஒரு கராஜில் நிற்கிறானாம். "அவன் எங்க படிக்கிறான், வேலைதான் பழகுறான்" என்றார். வேலை பழகுகிறவனைத்தான் பயிலுநர் என்கிறார்கள் என்றதும், மடிக்கப்போன படிவத்தை மறுபடி விரித்தார்.

அப்ரண்டிஸ் ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். வேர் லத்தீனில் இருக்கிறது. பற்றிப் பிடித்தல் என்று பொருள். நம் ஆட்களும் "இப்பத்தான் வேலை கைக்குப் பிடிபடுது" என்கிறோமே, அதே பிடிப்புத்தான். கற்றுக்கொடுக்கிற மேசனையும் தச்சரையும் நாம் கூப்பிடும் 'பாஸ்' ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். சிங்களப் படிவத்தில் 'ஆதுனிக' என்றிருக்கும், புதியவர் என்ற பொருளில்.

தமிழில் 'பயில்' பழைய வினை. நெருங்கியிருத்தல், அடிக்கடி நிகழ்தல், ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்து தேர்தல் என்று அதன் பொருள் விரியும். ஏட்டைப் படிப்பது அதில் ஒரு பகுதி மட்டுமே. நூறு முறை நட்டைக் கழற்றிப் பூட்டி, கை தானாகப் போகும் நிலைக்கு வருவதும் பயிலுதல்தான். அதோடு 'நர்' சேர்ந்தால் பயிலுநர். பொருநர், பெறுநர், இயக்குநர் எல்லாம் இதே விகுதிதான். பலகைகளில் 'பயிலுனர்' என்றும் காண்கிறோம். 'ந' போடுவதே சரி. பயிற்றுநர் என்றால் கற்றுக்கொடுப்பவர். பயிற்சியாளர் என்ற சொல் இருவரையும் குறித்துக் குழப்பும், ஆகவே அதைத் தவிர்க்கலாம்.

தமிழ்நாட்டில் தொழிற்பழகுநர் என்பார்கள். எனக்கு அது மிகவும் பிடிக்கும். சித்திரமும் கைப்பழக்கம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். லயத்தில் யாரைக் கேட்டாலும் தையல் பழகுறா, வயரிங் பழகுறான் என்றுதான் சொல்வார்கள். ஆனால் இலங்கையில் சட்டத்திலும் படிவத்திலும் நிலைத்தது பயிலுநர். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வந்த, நைட்டா என்று நாம் சொல்லும் தொழிற்பயிற்சி அதிகார சபையின் தமிழ்ப் பெயரிலும் இந்தச் சொல் இருக்கிறது. அதனால் எழுதும்போது பயிலுநர் என்றே எழுதுவோம்; வீட்டில் விளக்கும்போது வேலை பழகுறவர் என்று சொல்வோம்.

இரண்டும் ஒன்றுதான் என்றால் சொல்லுக்கு ஏன் இவ்வளவு பேச்சு? சும்மா வேலை பழகுகிறவனிடம் கடதாசி எதுவும் இருக்காது. பதிவுசெய்த பயிலுநருக்கு ஒப்பந்தம் உண்டு, கற்க வேண்டியவற்றுக்கு ஒழுங்கு உண்டு, முடிவில் மதிப்பீடும் உண்டு. அதில் தேறினால் என்விகியூ என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ். அது 1 முதல் 7 வரை நிலைகள் கொண்டது. 4 தேர்ந்த தொழிலாளிக்குரியது, 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்கு நிகர். கொழுந்து மலையை விட்டால் கொழும்புக் கடைதான் என்று நம் பிள்ளைகள் நினைக்கக்கூடாது. இந்தப் படிகள் அவர்களுக்கும் உரியவை.

பாடசாலையை விடாமலும் இந்த வழிக்கு வரலாம். 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியில், சாதாரண தரத்தில் சித்தியடையாதவரும் 12ஆம் தரத்துக்குப் போய்த் தொழிற்பாடங்கள் படிக்க இடமுண்டு. எல்லாப் பாடசாலைகளிலும் இந்தப் பிரிவு இல்லை, விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா போகும்போது, "அப்ப இத்தனை நாள் கராஜில நின்னது வீணா?" என்று கேட்டார். இல்லை அம்மா. முன்பே கற்ற திறனை மதிப்பிட்டு, வகுப்பில் உட்காராமலே என்விகியூ வழங்கும் முறையும் இருக்கிறது. அவன் செய்து பழகிய வேலைகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள் என்றேன். பேனா கேட்டார், பிரேக், கிளட்ச் என்று படிவத்தின் பின்பக்கத்திலேயே எழுதத் தொடங்கினார்.