தண்ணீர் ஊற்றுவது ரிப்பேர் ஆகாது

"ஒருநாள்கூட மறந்ததில்லை அண்ணே. காலையில பானெட்டைத் திறந்து ரேடியேட்டர்ல ஒரு பாட்டில் தண்ணி ஊத்திட்டுத்தான் வண்டிய எடுப்பேன்."

இழுவை வண்டியிலிருந்து இறக்கிய காரின் பக்கத்தில் நின்றுகொண்டு அதன் உரிமையாளர் சொன்னார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தது, ஹெட் வளைந்திருந்தது, ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் வெளுத்துக் கலங்கியிருந்தது. இத்தனைக்கும் முதலில் கெட்டது, ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கும் ஒரு ஹோஸ் கிளிப். அதை மாற்ற ஒரு ஸ்குரூடிரைவர் போதும். மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றியவருக்கு, ஊற்றியதெல்லாம் எங்கே போகிறது என்று ஒருமுறை குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

இப்படி வரும் வண்டிகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. வீட்டில் கார் வேலையே பார்க்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஹோஸ் மாற்றுங்கள், கிளிப் மாற்றுங்கள், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டில் பழையதை வடித்துப் புதிது ஊற்றுங்கள். கை பழகியிருந்தால், எஞ்சின் சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டையும் மாற்றலாம். ஆனால் மட்டம் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருப்பதற்குப் பெயர் வேலை பார்ப்பதல்ல.

காரின் கூலிங் சிஸ்டம் மூடிய அமைப்பு. பெட்ரோலைப் போல எரிந்து தீர அதில் ஒன்றுமில்லை. சூடானால் கூலன்ட் விரிந்து டேங்கில் மட்டம் ஏறும், ஆறினால் இறங்கும், அவ்வளவுதான். ஒரு வருடத்தில் துளி குறைந்தால் விட்டுவிடலாம். வாரத்துக்கு வாரம் குறைந்தால் அது எங்கோ வெளியேறிக்கொண்டிருக்கிறது. "வெயில் காலமாச்சே, ஆவியாயிருக்கும்" என்பார்கள். ரேடியேட்டர் மூடி சரியாக இருந்தால் ஆவி எந்த வழியாகப் போகும்? "பழைய வண்டி, கொஞ்சம் குடிக்கும்" என்பார்கள். எந்த வண்டியும் தண்ணீர் குடிக்காது. குடிக்கிறது என்றால் அது சிலிண்டருக்குள் இறங்கி, வெள்ளைப் புகையாகச் சைலன்சர் வழியே போகிறது. அதாவது கேஸ்கெட் ஏற்கெனவே போய்விட்டது. "தரையில ஒரு சொட்டுகூட இல்லையே" என்பது அடுத்தது. சூடான எஞ்சின் மேல் கசிவது தரைக்கு வரும் முன்பே காய்ந்துவிடும். காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்புப் பூத்திருக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது டார்ச் அடித்து ஹோஸ் முனைகள், வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டை, ரேடியேட்டரின் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் விளிம்பு எல்லாவற்றையும் பாருங்கள். முன்சீட்டுக் கால்மிதி ஈரமாகி, கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுவென்று படலம் படிந்தால், காருக்குள் சூடான காற்று தரும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. இதையெல்லாம் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. கண் இருந்தால் போதும்.

ஊற்றும் ஒவ்வொரு பாட்டிலும் உள்ளே இருப்பதை நீர்க்க வைக்கிறது என்பதையும் யாரும் நினைப்பதில்லை. கூலன்ட்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைகாலும் தண்ணீரும் சரிபாதி சேர்ந்த கலவை, மூடி தாங்கும் அழுத்தத்தில் ஏறத்தாழ 130°C வரை கொதிக்காது. அதிலிருக்கும் துரு தடுப்பான்கள்தான் அலுமினியத்தையும் இரும்பையும் காப்பாற்றுகின்றன. குழாய்த் தண்ணீர் அதைக் கரைத்துத் தள்ளிவிட்டுத் தன் உப்பை ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிய விட்டுப்போகும். வழியில் அவசரத்துக்கு ஊற்றி வீடு வந்து சேர்ந்தீர்களா, சரி. பிறகு கசிவைச் சரிசெய்து, எல்லாவற்றையும் வடித்து, காய்ச்சி வடித்த நீரில் கலந்த கூலன்ட்டை ஊற்றுங்கள். முன்பே கலந்து விற்பதில் மறுபடி தண்ணீர் சேர்க்காதீர்கள். நிறத்தை நம்பி வாங்கவும் கூடாது. நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது, ஆளுக்கொரு சாயம் போடுகிறார்கள். வண்டியின் கையேட்டில் எந்த வகை என்று இருக்கிறதோ அதையே வாங்குங்கள். ஒவ்வாத இரண்டு வகை கலந்தால் உள்ளே கூழாகி அடைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கார்க்காரர் இன்னொன்றும் சொன்னார். எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி மேலே போய்விட்டுத் திடீரென்று இறங்கியதாம். சரியாகிவிட்டது என்று தொடர்ந்து ஓட்டியிருக்கிறார். எஞ்சின் போனதே அப்போதுதான். ஊசிக்குச் சூட்டைச் சொல்லும் சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் அதன் சூட்டைச் சொல்லும். மட்டம் சென்சாருக்குக் கீழே போய்விட்டால் ஊசி சொல்வதில் அர்த்தமில்லை. நோயாளியின் வாயிலிருந்து தெர்மாமீட்டரை உருவிவிட்டுக் காய்ச்சல் விட்டது என்பது போலத்தான். மேலே போன ஊசி தானாக இறங்கினால், ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். சூடேறிய எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விடும்.

இனி மூடி. சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள். துணி சுற்றித் திறந்தாலும் திறந்ததுதான். உள்ளே ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம், 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும் திரவம். அழுத்தம் விலகிய நொடியில் அது ஆவியாகி முகத்துக்கு நேரே பீய்ச்சும். சில கார்களில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது. பிளாஸ்டிக் டேங்கின் மூடிதான் அழுத்தத்தைத் தாங்குகிறது. டப்பா மூடிதானே என்று திருகியவர்களின் கையை நான் பார்த்திருக்கிறேன். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிய வேண்டும், அமுக்கினால் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மூடியைத் தொட வேண்டும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் கூலன்ட் வெளியேறும். அதே அழுத்த அளவுள்ள புது மூடியைப் போட்டுப் பாருங்கள். மொத்த வேலையிலேயே மலிவான சோதனை இதுதான், ஏனோ எல்லோரும் கடைசியில்தான் செய்கிறார்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வைத்தியத்தை எங்கள் தொழிலிலேயே சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது. அது இல்லாவிட்டால் எஞ்சின் தன் சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானம் கூடும். சில எஞ்சின்களில் பைபாஸ் வழி திறந்தே கிடந்து கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் திரும்பும். சூடு முன்பைவிட ஏறும். கெட்டுவிட்டதா, புதிது போடுங்கள். ஒழுகலை அடைக்கும் பொடியும் எனக்கு ஆகாது. அது ஓட்டையை மட்டும் தேடிப்பிடித்து அடைப்பதில்லை.

வேலையில் இறங்கினால் சாவியை அணைத்து வெளியே எடுத்துவிடுங்கள். எஞ்சின் நின்ற பிறகும் எலக்ட்ரிக் ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கும், விரல் போகும். புதிதாக ஊற்றும்போது மெதுவாக ஊற்றுங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்குரூ இருந்தால் திறந்து காற்றை விடுங்கள். உள்ளே காற்று அடைத்து ஏர் லாக் ஆகிவிட்டால் டேங்க் நிறைந்திருக்கும்போதே எஞ்சின் சூடேறும். டேங்கில் நிற்காமல் குமிழி வந்தாலோ, ஆயில் வெளுத்தாலோ, ஆறிய பிறகும் ஹோஸ் கல்லாக நின்றாலோ அது வீட்டில் முடிகிற வேலை இல்லை. கருவிகளை மூடிவைத்துவிட்டுப் பட்டறைக்குப் போன் செய்யுங்கள்.

இன்னொன்று, இதைத் திட்டாமல் கெஞ்சிக் கேட்கிறேன். வடித்த கூலன்ட்டைத் திறந்த தட்டில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிக்கும். பூனையும் நாயும் நக்கும், குழந்தை விரலை விட்டு வாயில் வைக்கும். சில தேக்கரண்டி போனாலே ஒரு பூனையின் சிறுநீரகம் செயலிழந்து அது செத்துவிடும். குடித்தது தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். குடித்த உடனே கொடுத்தால் பலன் தரும் மாற்று மருந்து இருக்கிறது. வடித்ததைக் குடிபானப் பாட்டிலில் ஊற்றிவைக்காதீர்கள். கேனில் ஊற்றி, மேலே பெயர் எழுதி, பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். சாக்கடையில் கொட்ட வேண்டாம்.