மின்னும் விளக்கா, நின்று எரியும் விளக்கா?

சுங்கை சிப்புட்டில் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பது என் தொழில். போன மாதம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநர் ஒருவர் வந்தார். வயது 58, இரண்டு கண்ணிலும் லேசாகப் புரை. விடியற்காலையில் எஸ்டேட் சாலையில் எதிரே சைக்கிளில் வந்த பையனை இடிக்காமல் தப்பித்தது மயிரிழையில்தான் என்றார். பையன் விளக்கு போடாமல் வந்தானா என்று கேட்டேன்.

“இல்லம்மா, வெளிச்சம் தெரிஞ்சிச்சு. பளிச்சு பளிச்சுன்னு மின்னிச்சு. எங்க வர்றான்னுதான் பிடிபடல.”

அவர் சொன்னது கண்ணின் இயல்பு. மின்னும் விளக்கு சட்டென்று கவனத்தை இழுக்கும். ஆனால் எதிரே வருவது எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் வருகிறது என்று கணிக்க, கண் அதை விடாமல் தொடர வேண்டும். விளக்கு அணைந்ததும் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. பட்டணத்துத் தெருவிளக்கில் சைக்கிளும் ஆளும் தெரிவதால் சமாளிக்கலாம். செம்பனைக் காட்டுக்குள் அந்த ஒரு புள்ளி வெளிச்சத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லோரி ஒரு நொடிக்கு சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். விளக்கு அரை நொடி அணைந்திருந்தால் எட்டு மீட்டர் இருட்டிலேயே போய்விடுகிறது. புரை உள்ள கண்ணுக்கு இன்னும் சிரமம். வெளிச்சம் கண்ணுக்குள் சிதறிப் பரவும்.

சைக்கிள் ஓட்டுகிறவருக்கும் இதில் நஷ்டம்தான். ஒரு சாயங்காலம் என் தம்பியின் சைக்கிளை வாங்கி, மின்னும் விளக்கோடு தோட்டத்துச் செம்மண் பாதையில் கொஞ்ச தூரம் மிதித்துப் பார்த்தேன். குழியும் உதிர்ந்து கிடந்த செம்பனைக் காயும் ஒரு மின்னலில் தெரிந்தன, அடுத்த மின்னலுக்குள் சக்கரம் அதன் மேல் ஏறிவிட்டது.

பகலில் கதை வேறு. சுற்றிலும் எல்லாம் தெரிவதால், ஓட்டுநரைத் திரும்பிப் பார்க்க வைப்பதுதான் விளக்கின் வேலை. மலேசியாவில் 1992 முதல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கு போட்டே ஓட வேண்டும் என்பதும் இதற்காகத்தான். கொட்டும் மழையிலும் வெயில் நேரத்திலும் மின்ன விடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஜெர்மனியில் சைக்கிளுக்கு மின்னும் முன்விளக்கே கூடாது. பிரிட்டன் 2005-இல் அனுமதித்தது, நிமிடத்துக்கு 60 முதல் 240 முறை வரை மின்னலாம். நம் தோட்டத்து இருட்டுக்கு நான் ஜெர்மனி பக்கம்.

பள்ளி ஏழரைக்கு என்றால் பிள்ளைகள் கிளம்பும் நேரத்தில் இன்னும் விடிந்திருக்காது. பேட்டரி தீராமல் இருக்கட்டும் என்றுதான் பல வீடுகளில் மின்ன விடுகிறார்கள், தெரியும். தயவுசெய்து ராத்திரியே சார்ஜ் போட்டுவிட்டு, காலையில் நின்று எரிய விடுங்கள். மின்னும் விளக்கும் வேண்டுமென்றால் கூடவே இன்னொன்றாக, மங்கலாக இருக்கட்டும்.

அப்புறம், விளக்கின் சாய்வு. சைக்கிளை நிறுத்தி யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பத்தடி தள்ளிப் போய், கார் ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். கண் கூசினால் விளக்கைத் தரைப் பக்கம் இறக்குங்கள். சந்தேகமாக இருந்தால் சைக்கிளை என் கடை வாசலுக்கே தள்ளிக்கொண்டு வாருங்கள், நானே குனிந்து பார்த்துச் சொல்கிறேன்.